கம்பெனி மேடையில் ஒரு காதணி விழா

வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்திருந்தால் அந்த வீட்டுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாளடைவில் அவருக்கே தான் ஏதோ பெரிய ஆள் என்ற எண்ணம் வந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். எனக்கு அந்த எண்ணம் முற்றிய காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று அச்சுக் கடைகள் இருந்தன. மூன்றையும் ஒரே காலை வேளையில் சந்தி சிரிக்க வைத்தேன்.

மூன்று கடை என்று சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலங்களின் மேல் மறைமலைநகர் வந்தது, கம்பெனிகள் வந்தன. அதில் ஒரு கம்பெனியில் அம்மா ஒப்பந்தக் கூலியாகத் தரை துடைத்தார். (அம்மாவின் பெயர் சகாயமேரி. அங்கே ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'ஹவுஸ்கீப்பிங், இங்க வாம்மா' என்பார்களாம்.) துடைத்துச் சேர்த்ததை வைத்துச் செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷின் போட்டார். அதிலிருந்து கிளை விட்டதுதான் மற்றதெல்லாம்.

செங்கல்பட்டுக் கடையில் டிசைனர் பாபு அண்ணன் உட்காருவார். கல்யாணப் பத்திரிகையோ, பேனரோ, எதுவானாலும் அவர் கை பட்டுத்தான் வெளியே போகும். இரண்டாவது கடை சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில், கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரில். அது என் அக்கா ரீட்டாவின் பொறுப்பு. ஐடி கார்டு, ஸ்டிக்கர், கலர் பிரிண்ட் என்று சின்ன வேலைகள். மூன்றாவது திருவிடந்தையில். அம்மாவின் தம்பி டேவிட் மாமா அங்கே பெண் எடுத்தவர். மாமனார் மீன்வலை போட்டுவைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து, அதில்தான் எங்கள் பெரிய ஃப்ளெக்ஸ் மெஷினை நிறுத்தியிருக்கிறோம். கல்யாணம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு பெருமாள் கோயிலுக்கு மாலையோடு போகிறவர்கள் பலர் அந்தக் கடையைத் தாண்டித்தான் போவார்கள். வேண்டுதல் பலித்தால் பத்திரிகை அடிக்க நம்மிடமே வருவார்கள் என்பது அம்மாவின் நம்பிக்கை. (நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அந்தப் பெருமாள் என்றால் அம்மாவுக்குத் தனி மரியாதை. 'நமக்கு கஸ்டமர அனுப்புற சாமி' என்பார்.)

இந்த மூன்று கடைகளையும் அந்தக் காலத்தில் இணைத்தது ஒரு பென் டிரைவ். பாபு அண்ணன் செங்கல்பட்டில் டிசைனை அதில் ஏற்றுவார். அது யாராவது தெரிந்தவரின் சட்டைப் பையில் திருப்போரூர் பஸ் ஏறும். அங்கிருந்து மாமா பைக்கில் வந்து வாங்கிக்கொண்டு, நெம்மேலி வழியாக ஈசிஆர் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் திருவிடந்தை போய்ச் சேர்வார். ஒரு முறை அத்தை அதைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். காய்ந்ததும் வேலை செய்தது.

பென் டிரைவ் போய்ச் சேர்ந்ததும் ஒரு சடங்கு நடக்கும். அதற்கு வாசிப்பு என்று பெயர். மாமா ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போன் போடுவார். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைப்பார். மாமா பேனரை மேலிருந்து கீழ்வரை உரக்க வாசிப்பார். அம்மா ஆர்டர் சீட்டைப் பார்த்து வரிக்கு வரி 'ஆமா' போடுவார். கடைசி 'ஆமா' விழுந்த பிறகுதான் மெஷின் ஓடும். இதில் அம்மா போட்ட சட்டம் ஒன்று உண்டு. கண்ணுக்கு எதிரே இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும், இருக்க வேண்டியதை வாசிக்கக் கூடாது. அம்மா படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் அந்த வாசிப்பு இருந்தவரை எங்கள் கடையிலிருந்து தப்பான பேனர் ஒன்றுகூடப் போனதில்லை.

எனக்கு மட்டும் அதைக் கேட்டால் மானம் போகும். கடையில் ஜெராக்ஸுக்கு நிற்கும் வக்கீல்கள், குமாஸ்தாக்கள் முன்னால் திருவிடந்தையிலிருந்து மாமாவின் குரல், 'அன்புடன் அழைக்கும் அத்தைமார்கள், மாமன்மார்கள், மச்சான்மார்கள்' என்று முழங்கும். அம்மா 'ஆமா, ஆமா, ஆமா' என்பார். ஒரு நாள் இப்படி வாசித்ததில், பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த ஒருவருக்குத் தன் சொந்தச் சித்தப்பா வீட்டில் கிரகப்பிரவேசம் நடக்கப்போவது தெரிந்துவிட்டது. அவருக்கு அழைப்பில்லை. அங்கேயே சித்தப்பாவுக்குப் போன் போட்டு அவர் சண்டை பிடித்ததை இந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை.

நான் பி.சி.ஏ. முடித்து, பரனூர் பக்கம் ஒரு ஐடி கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு (கொஞ்ச நாள் என்றால் நிஜமாகவே கொஞ்ச நாள்தான்) கடைக்குத் திரும்பினேன். கழுத்தில் அந்த ஐடி கம்பெனியின் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மனசில்லை. வந்ததும் மூன்று கடைக்கும் பொதுவாக இணையத்தில் ஒரே ஃபோல்டர் போட்டேன். செங்கல்பட்டில் வைக்கிற ஃபைல் அடுத்த நிமிடம் மற்ற இரண்டு கடையிலும் இருக்கும். ஒவ்வொரு ஃபைலோடும் எங்கே போகவேண்டும் என்ற விலாசமும் போகும், மாமாவின் பக்கத்தில் அது ஸ்டிக்கராக அடித்து வரும். எல்லோரையும் செங்கல்பட்டுக் கடையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். ஸ்லைடு எல்லாம் போட்டேன்.

"இனிமே பென் டிரைவ் வேணாம் மாமா. மூணு கடைலயும் ஒரே ஃபைல். இங்க மாத்துனா அங்கயும் மாறிடும்."

"அப்போ போன்ல படிச்சுக் காட்ட வேணாமா?" என்றார் மாமா. முகம் சின்னதாகிவிட்டது. வாசிப்பில் அவருக்குத் தனிப் பிரியம்.

"வேணாம். சிஸ்டம் என்ன சொல்லுதோ அதான் கரெக்ட். சும்மா சும்மா போன் போட்டு சந்தேகம் கேக்காதீங்க. டைம் வேஸ்ட்."

"இன்னாக்கா சொல்ற?" என்று மாமா அம்மாவைப் பார்த்தார்.

"அவ பட்சவ, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அம்மா. பிறகு மெல்ல, "ஆனா எங்கியோ இடிக்குது," என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் சிஸ்டம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதம் போல எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையே வேறு. அக்கா எடுக்கும் ஆர்டர் அங்கேயே பாபு அண்ணனுக்குப் போனது, அவர் முடித்தது அப்படியே மாமாவிடம் போனது. திருப்போரூர் பஸ்ஸில் எங்கள் பென் டிரைவைக் காணோமே என்று கண்டக்டரே விசாரித்தாராம். அந்த நேரத்தில்தான் கம்பெனி ஆர்டர் வந்தது.

எந்தக் கம்பெனி என்றால், அம்மா தரை துடைத்த அதே கம்பெனி. கார் பாகங்கள் செய்கிற இடம். அங்கே பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறார்கள். தகடுகளை அழுத்தி வடிவமாக்குகிற பிரஸ் ஷாப்பில் இரைச்சல் அதிகம் என்பதால் அந்த வருடத்துத் தலைப்பு 'காதைக் காப்போம்'. அதற்கு ஒரு பெரிய மேடை பேனர். பாதுகாப்பு அதிகாரியாக இருந்த மேடம் அக்காவின் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இது ஒழுங்காக வந்தால் கம்பெனியின் வருட அச்சு வேலை முழுக்க எங்களுக்கு. ஐடி கார்டு, போர்டு, படிவம், எல்லாம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னார்: "அத்தினி வருசம் அங்க வேல செஞ்சேன், முன்னாடி கேட்டு வழியா ஒரு நாள் போனதில்ல. எங்களுக்குலாம் பின்னாடி கேட்டுதான். உள்ள கெஸ்ட்டுங்க குந்துற ரூம்ல ஒரு சோபா கீது. தெனம் தொடைப்பேன். அதுல ஒரு வாட்டி குந்தி டீ குடிக்கணும்." அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதன் பிறகு அந்த ஆர்டர் எங்களுக்கு வெறும் ஆர்டராக இல்லை.

அதே வாரம் அக்காவின் கடைக்கு இன்னொரு ஆர்டரும் வந்தது. அந்தக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிற குமரேசன் என்பவர் தன் அக்கா மகளுக்குக் காதணி விழா பேனர் கேட்டார். தாய்மாமன் என்பதால் தன் படம் பெரிதாக வரவேண்டும் என்றார். கறுப்புக் கண்ணாடி போட்டு, புல்லட்டில் சாய்ந்து நிற்கிற படம் கொடுத்தார். புல்லட் அவருடையதில்லை என்று அவரே சொன்னார். விழா நடக்கிற நாள், பாதுகாப்பு வாரம் தொடங்குகிற அதே நாள் சாயங்காலம். பேனர் அளவும் அதே அளவு.

இப்போது பாபு அண்ணனின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் எந்தப் பேனரையும் புதிதாகத் தொடங்க மாட்டார். அதே அளவில் கடைசியாகச் செய்த பேனரைத் திறந்து, அதிலிருப்பதைத் துடைத்துவிட்டு, புதியதை அதன் மேலேயே போடுவார். நடுநடுவே அவர் கை தானாகப் போய் சேவ் பண்ணும். எல்லாம் முடிந்த பிறகு நினைவு வந்து வேறு பெயரில் இன்னொரு முறை சேமிப்பார். முன்பு இதனால் ஒரு பாதகமும் வரவில்லை. பழைய பேனர் அதற்குள் பென் டிரைவ் ஏறிப் போயிருக்கும். அவர் கம்ப்யூட்டரில் இருப்பதை அவர் என்ன செய்தால் யாருக்கு என்ன?

கம்பெனி பேனரை அவர் முடித்து ஃபோல்டரில் வைத்தார். மேடம் பார்த்து ஓகே சொல்லிவிட்டார். ஆனால் மாமா அன்று அதை அடிக்கவில்லை. கடல் காற்றில் மெஷினின் மை தெளிக்கிற ஹெட் அடைத்துக்கொள்ளும், அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அது தெரியாத பாபு அண்ணன் மறுநாள் கம்பெனி பேனரைத் திறந்து, துடைத்து, அதன் மேல் காதணி விழாவைப் போட்டு, வழக்கம்போல் சேவ் பண்ணினார். பிறகு நினைவு வந்து 'குமரேசன் காதணி' என்று வேறு பெயரிலும் சேமித்தார். மூன்று கடைக்கும் ஒரே ஃபைல் என்பது என் பெருமை அல்லவா? ஆகவே திருவிடந்தையில் மாமாவின் திரையிலும் கம்பெனி பேனருக்குள் குமரேசன் புல்லட்டில் சாய்ந்தபடி வந்து நின்றார்.

மாமா இரண்டையும் அடித்தார். இரண்டிலும் ஒரே காதணி விழா. ஒன்றின் ஸ்டிக்கரில் 'மறைமலைநகர் கம்பெனி, மேடை' என்றிருந்தது, இன்னொன்றில் சிங்கப்பெருமாள் கோயில் மண்டபத்தின் பெயர். சந்தேகம் வந்தால் போன் போடாதே என்று நான் சொல்லியிருக்கிறேன். மாமா போடவில்லை. தானாகவே யோசித்து, தனக்குத் திருப்தியான ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அந்த முடிவு என்ன என்பது பிறகுதான் தெரிந்தது.

விழா நாள் காலையில் அம்மா மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டார். நான் கழுத்தில் அந்தப் பழைய கயிறோடு போனேன், கையில் லேப்டாப் பை வேறு. மாமா சுருட்டிய பேனரையும் கட்டுவதற்கான பைப்புகளையும் குட்டியானை வண்டியில் கொண்டுவந்தார். முன் கேட்டில் செக்யூரிட்டி எங்களைப் பார்த்துவிட்டு, "சாமான் வண்டிலாம் பின் கேட்டு," என்றார். அம்மா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின் கேட்டுக்கு நடந்தார். அன்றும் பின் கேட்டுதான்.

பேனரை மேடையின் உச்சியில் சுருட்டியபடியே கட்டி, கயிறு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். விருந்தினர் கயிற்றை இழுத்தால் பேனர் விரியும். இது மேடத்தின் யோசனை. மாமா ஏணியில் ஏறும்போது அம்மா கேட்டார்.

"ஒரு வாட்டி விரிச்சுப் பாத்துடலாமா?"

"தூசு படும்மா. அதெல்லாம் சிஸ்டத்துல பாத்தாச்சு," என்றேன்.

(இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இன்றைக்கும் என்னைப்போலவே குரலை மாற்றிச் சொல்லிக்காட்டுவார்கள். அக்கா மிக நன்றாகச் செய்வாள்.)

தொழிலாளர்கள் எல்லோரும் சீருடையில் வரிசையாக நின்றார்கள். தில்லியிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி மேடையேறினார். அவருக்குத் தமிழ் தெரியாது. மேடம் மைக்கில், "இப்போது நமது இந்த ஆண்டுச் செய்தி," என்று அறிவித்தார். அதிகாரி கயிற்றை இழுத்தார். பேனர் மடமடவென்று விரிந்தது.

மேலே ரோஜாப்பூ வளைவு. நடுவில் கிரீடம் வைத்த சின்னப் பெண் குழந்தை. குழந்தையைவிட மூன்று மடங்கு பெரிதாக, கறுப்புக் கண்ணாடியோடு குமரேசன்.

பெரிய அதிகாரி மலர்ந்த முகத்தோடு கைதட்டினார். அவரைத் தவிர கைதட்டிய ஒரே ஆள் டேவிட் மாமா. மற்றபடி அத்தனை பேரும் பேனரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பழக்க தோஷம். அம்மா வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

"எங்கள் இல்லக் காதணி விழா. செல்வி யாழினி. தாய்மாமன் சீரோடும் சிறப்போடும். அன்புடன் அழைக்கும், வி. குமரேசன், பிரஸ் ஷாப்."

பிரஸ் ஷாப் என்பது வரைக்கும் வாசித்துவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினார். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது 'ஆமா' போடவேண்டும். தொழிலாளர் வரிசையிலிருந்து ஒருவர் போட்டார்.

"ஆமா. அது நான்தான்," என்றார் குமரேசன். விசில் பறந்தது. 'டேய் குமரேசா, மாமனுக்கு கம்பெனி செலவுல பேனரா?' என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். பெரிய அதிகாரி கூட்டத்தின் உற்சாகத்தைப் பார்த்து இன்னும் பலமாகக் கைதட்டினார். கம்பெனி போட்டோகிராபர் அவரைக் குமரேசனின் புல்லட்டுக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

மேடம் என்னை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"ஸ்டெல்லா, சார் இப்ப ஒரு ரவுண்ட் பிளாண்டைச் சுத்திப் பார்க்கப் போறார். திரும்பி வந்து பரிசு கொடுப்பார். அப்ப இந்த மேடைல என் பேனர் இருந்தா, உங்க ஆர்டர் பத்திப் பேசலாம். இல்லன்னா பேச ஒண்ணும் இல்ல."

நான் மாமாவைப் பிடித்தேன். "மாமா, கம்பெனி மேடைல காதணி விழா பேனர கட்டுறீங்களே, உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுச்சே. இவரு இங்க வேல செய்றவரு. அவரு வூட்டு விசேசத்துக்கு கம்பெனியும் ஒரு பேனர் வெக்குதுன்னு நெனச்சேன். தாய்மாமனுக்கு இவ்ளோ மரியாத குடுக்குற கம்பெனியான்னு எனுக்கு கண்ணே கலங்கிடுச்சு. அதான் கைதட்னேன்." பிறகு, "போன் போட்டு கேக்கலாம்னு பாத்தேன். நீதான் சந்தேகம் கேக்காதன்னு சொன்ன," என்றார்.

கழுத்துக் கயிற்றைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "சிஸ்டம் சிஸ்டம்னியே, அத வெச்சு இப்ப இன்னா பண்லாம், சொல்லு," என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அவருக்கு என் மேல் அப்போதும் நம்பிக்கை இருந்தது. அதில்தான் எனக்கு மூளை திரும்பி வந்தது.

நான் போட்ட ஃபோல்டரில் ஒரு நல்ல குணம் உண்டு. ஃபைலை யார் எத்தனை முறை மாற்றினாலும் முந்தைய வடிவத்தை அது பத்திரமாக வைத்திருக்கும். போனிலேயே திறந்தேன். பாபு அண்ணன் துடைப்பதற்கு முன்பிருந்த கம்பெனி பேனர் அப்படியே இருந்தது. அதை மீட்டேன். ஆனால் திருவிடந்தையில் அடித்துக் கொண்டுவர நேரமில்லை. கொட்டகை பூட்டியிருக்கிறது, மாமா இங்கே நிற்கிறார். பக்கத்தில் இருப்பது சிங்கப்பெருமாள் கோயில் கடைதான். அங்கே ஏ3 தாளுக்கு மேல் வராது.

அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, உன் ஃபோல்டர்ல கம்பெனி பேனர் இப்ப புதுசா வந்திருக்கும். அதை ஏ3 துண்டு துண்டா அடிச்சு, வரிசை நம்பர் போட்டு எடுத்துனு வா. டபுள் சைடு டேப்பும் கொண்டா."

"இன்னாடி சொல்ற? மேடை பேனரயா?"

"கேள்வி அப்புறம். அம்மா சோபா ஞாபகம் வெச்சுக்கோ."

அடுத்த போன் பாபு அண்ணனுக்கு. பாபு அண்ணன் செங்கல்பட்டில் உட்கார்ந்தபடியே ஃபைலைத் துண்டுகளாக வெட்டி அனுப்ப, அக்கா அங்கே அடிக்க அடிக்க நம்பர் போட்டாள். அந்தக் காலையில் மூன்று ஊர்களில் இருந்தவர்களும் ஒரே மேசையில் வேலை செய்ததுபோல் இருந்தது. நான் கனவு கண்ட சிஸ்டம் அதுதான். நான் ஸ்லைடு போட்டுக் காட்டியபோது அது இருந்திருக்கவில்லை.

மாமா குமரேசனைக் கீழே இறக்கினார். (படத்தைத்தான்.) ஃப்ளெக்ஸின் பின்பக்கம் வெள்ளை. அதைத் திருப்பித் தரையில் விரித்தோம். அக்கா ஸ்கூட்டியில் தாள் கட்டோடு வந்தபோது செக்யூரிட்டி எந்தக் கேட்டு என்று கேட்க நேரமில்லாமல் முன் கேட்டு வழியாகவே உள்ளே விட்டுவிட்டார். அவ்வளவு தாளை நாங்கள் நான்கு பேர் எப்போது ஒட்டுவது? அப்போது குமரேசன் வந்தார். கூடவே அவர் ஷிப்ட் ஆட்கள்.

"இன்னாக்கா, அசெம்ப்ளி வேலதானே. நவுருங்க," என்றார்.

ஒருவர் டேப்பை உரிக்க, அடுத்தவர் நம்பர் சொல்ல, அடுத்தவர் ஒட்ட, அடுத்தவர் துணியால் நீவிவிட, கார் பாகம் கோர்ப்பதுபோல் கோர்த்தார்கள். வேலை முடிகிற நேரத்தில் மேடம் ஓடிவந்து, "சார் வந்துட்டார், தூக்குங்க," என்றார். மாமா கயிற்றில் கைவைத்தார்.

"இரு," என்றார் அம்மா. "வாசிப்பு ஆகல."

மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா பட்டுப்புடவையோடு பேனரின் தலைமாட்டில் நின்று உரக்க வாசித்தார். மேடமே தன் கையிலிருந்த அசல் தாளைப் பார்த்து வரிக்கு வரி பதில் சொல்லும்படி ஆகிவிட்டது.

"பாதுகாப்பு வார விழா."

"ஆமா."

"காதைக் காப்போம்."

"ஆமா."

"இரைச்சல் உள்ள இடத்தில் துகா அடைப்பான் அணிவோம்."

"ஆமா... இல்ல, இல்ல, இருங்க."

இரண்டு தாள்கள் இடம் மாறியிருந்தன. அத்தனை பேர் சுற்றி நின்றும் எங்கள் கண்ணுக்கு அது 'காது' என்றுதான் தெரிந்திருக்கிறது. அம்மா மட்டும்தான் இருந்ததை வாசித்தார். குமரேசன் இரண்டையும் உரித்து மாற்றி ஒட்டினார். அம்மா மறுபடி வாசித்தார், மேடம் ஆமா போட்டார், மாமா பேனரை ஏற்றினார். பரிசளிப்பு முடியும்வரை ஒரு தாளும் விழவில்லை. காற்றில் மட்டும் கொஞ்சம் படபடத்தது. குமரேசனின் ஆட்கள் இருவர் பின்னால் நின்று கையால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

காதணி விழாவும் நன்றாக நடந்தது. பின்பக்கம் பாதுகாப்பு வாரம் ஒட்டியிருந்த அந்த மேடை பேனரையும் குமரேசன் சும்மா விடவில்லை, மண்டப வாசலில் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். முன்னால் வருகிறவர்களுக்குத் தாய்மாமன். சாப்பிட்டுவிட்டு வெளியே போகிறவர்களுக்கு, காதைக் காப்போம். அந்தக் குழந்தை அழுததைக் கேட்டவர்கள் இதைவிடப் பொருத்தமான பேனர் இல்லை என்றார்களாம்.

ஆர்டர் எங்களுக்குத்தான் வந்தது. மேடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எந்த வேலையானாலும் அடிப்பதற்கு முன் அந்த அம்மா வாசிக்க வேண்டும். ஆகவே சிஸ்டமும் இருக்கிறது, வாசிப்பும் இருக்கிறது. ஃபைல் நொடியில் போகிறது, அதன் பின்னாலேயே மாமாவின் குரலும் போகிறது. பாபு அண்ணன் மட்டும் இன்னும் பழைய பேனரின் மேலேயே புதிய பேனரைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கையை அவராலேயே மாற்ற முடியவில்லை, நான் ஃபோல்டரைத்தான் மாற்றினேன். முடிந்த பேனருக்கு இப்போது பூட்டு.

வீட்டில்தான் எனக்கு விமோசனம் இல்லை. அம்மா டிபன் பாக்ஸை நீட்டினால் சும்மா நீட்ட மாட்டார். "எலுமிச்சம்பழ சாதம். உருளக்கெழங்கு வறுவல். அன்புடன் அழைக்கும் அம்மா," என்று வாசிப்பார். நான் 'ஆமா' சொன்னால்தான் பாக்ஸ் கைக்கு வரும். என் கல்யாணத்தில் பாதிரியார் உறுதிமொழியைக் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து டேவிட் மாமா 'ஆமா' போட்டுவிட்டார். கோயிலே சிரித்தது.

ஆர்டர் கிடைத்ததும் முதல் வேலையாகக் கம்பெனியின் விருந்தினர் அட்டைகளை அடித்துக் கொடுத்தோம். கொடுக்கப் போன அன்று அம்மா அதே மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டார். முன் கேட்டில் அதே செக்யூரிட்டி. நாங்கள் கொண்டுபோன அட்டைக் கட்டிலிருந்தே முதல் அட்டையை உருவி, பெயர் எழுதி, அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கியதும் கழுத்தில் போடவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வண்டிகள் போய்வருகிற அந்த வாசலில் நின்று, கம்பெனியே கேட்கிற குரலில் வாசித்தார்.

"விருந்தினர். சகாயமேரி."

பிறகு என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். என் வாழ்க்கையில் நான் போட்ட 'ஆமா'க்களில் அதைவிடச் சத்தமாக ஒன்றைப் போட்டதில்லை.